அடுப்புக் காசு

ஜப்பானுக்குப் போய் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. "டீச்சர், படம் எங்கே?" என்று கேட்டவர்களுக்காக நாலைந்து படம் போட்டேன். தங்க நிறக் கோயில், மூங்கில் காடு, கிமோனோ உடுத்த பெண்பிள்ளைகள். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அங்கே நான் உண்மையில் பார்த்ததை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். நீளமான பதிவு. சோறு கறி ஆக்கி முடித்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போனது ஆசிரியர்களுக்கான ஒரு குறுகிய காலப் பயிற்சிக்கு. பயிற்சி ஒசாகாவில். நடுவில் கிடைத்த மூன்று நாள் லீவில் கியோட்டோவுக்குப் போனோம். ரயிலில் அரை மணித்தியாலம்தான்.

ஜப்பான் போய் வந்தவர்கள் எழுதும் பதிவுகள் அநேகமாக ஒரே அச்சில் இருக்கும். தெருவில் குப்பை இல்லை, ரயில் ஒரு நிமிடம் பிந்தாது, பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டுகிறார்கள். கடைசியில் "நாம் எப்போதுதான் திருந்துவோமோ" என்று ஒரு பெருமூச்சு. எல்லாம் உண்மைதான், நானும் கண்டேன். ஆனால் அந்தப் பெருமூச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்மை நாமே ஏசிக்கொள்வதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. அதை முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே செய்யலாம்.

கியோட்டோ 794ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர். இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு போடுவதற்கு எழுதிய பட்டியலில் இந்த ஊரின் பெயரும் இருந்தது. அமெரிக்காவின் யுத்தச் செயலாளர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அதை வெட்டினார். போவதற்கு முன் எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். அழிவிலிருந்து தப்பிய ஊர். அப்படியென்றால் எங்களுக்கும் அதற்கும் என்ன ஒட்டு என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் கியோமிசு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மலைச்சரிவில் பெரிய மரத்தூண்களின் மேல் நிற்கும் மண்டபம். இப்போது நிற்பது 1633இல் திரும்பக் கட்டியது. நான் போனது பார்ப்பதற்கு, வணங்குவதற்கு அல்ல; அதனால் ஒரு ஓரமாக நின்றேன். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஜப்பானிய ஆசிரியை ஒருவர், "கியோமிசு என்றால் தூய தண்ணீர்" என்றார். கோயிலுக்குக் கீழே ஒரு ஊற்று இருக்கிறது. மூன்று தாரையாக விழுகிறது. சனம் வரிசையில் நின்று, நீளப் பிடி போட்ட அகப்பையால் ஏந்திக் குடிக்கிறது. அந்த ஊற்றால்தான் அந்த இடத்துக்கே பெயர்.

"என்னுடைய ஊரின் பெயரும் அதுதான்" என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. தண்ணீரூற்று. நிலத்திலிருந்து தண்ணீர் தானாக ஊறுகிற இடம். இதை எப்படிச் சொல்வது? கையைக் கீழிருந்து மேலே தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு, "உங்கள் ஊரில் இன்னும் அந்த ஊற்று இருக்கிறதா?" என்று கேட்டார். ஊற்று இருக்கிறது, ஊர் நடுவில் இருபது வருடம் இல்லாமல் இருந்தது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்காக இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். எங்கள் ஊரும் அதற்குள். நான் பிறந்தது 1991இல், கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில். தண்ணீரூற்று எனக்கு முதலில் உம்மம்மாவின் வாயிலிருந்து வந்த ஊர். "எங்கட ஊர்ல கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா முகம் தெரியும் புள்ள" என்பார். நாங்களோ பவுசர் வரும் வரை வாளியோடு வரிசையில் நிற்போம். 2009இல் போர் முடிந்த பிறகுதான், ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பியது. எல்லோரும் அல்ல. பாதிப்பேர்கூட அல்ல என்பது இதை வாசிக்கும் எங்கள் ஊரவர்களுக்குத் தெரியும்.

சரி, கியோட்டோவுக்கு வருகிறேன்.

கோயிலிலிருந்து இறங்கி வரும் வழியில், சரிவிலே ஒரு அழகான பழைய கட்டடம். நீளமான விறாந்தை, வளைவு வைத்த ஜன்னல்கள். வாசலில் சீருடையோடு ஒருவர் நின்று விருந்தாளிகளின் பெட்டிகளை இறக்குகிறார். பெரிய ஹோட்டல். ஆனால் என் கண்ணுக்கு அது ஹோட்டலாகத் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கு இது விளங்கும். ஒரு கட்டடத்தின் விறாந்தையைப் பார்த்தாலே அது பாடசாலையா இல்லையா என்று சொல்லிவிடுவோம். கேட்டேன். "ஆம், இது கியோமிசு ஆரம்பப் பாடசாலை. இந்தக் கட்டடம் 1933இல் கட்டியது. பிள்ளைகள் குறைந்துபோய் மூடிவிட்டார்கள். 2020இல் ஹோட்டல் ஆனது" என்றார் அந்த ஆசிரியை. கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "பாடசாலைகளைப் பற்றி அறிய விருப்பமென்றால் நாளை வேறொரு இடம் காட்டுகிறேன்" என்றார்.

அடுத்த நாள் மற்றவர்கள் தங்கக் கோயிலுக்குப் போனபோது, நானும் இன்னொரு ஆசிரியையும் அவரோடு நகரத்துக்குள் போனோம். கடைத்தெருவுக்குக் கிட்ட, ஒரு ஒடுங்கிய தெருவில், கல் மதிலும் பழைய மர வாசலும். கியோட்டோ நகரசபையின் பாடசாலை வரலாற்று நூதனசாலை. அதுவும் ஒரு காலத்தில் கைச்சி என்ற ஆரம்பப் பாடசாலை. மூடிய பிறகு 1998இல் இப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

உள்ளே தங்கமும் இல்லை, வாளும் இல்லை. பழைய வாங்கு மேசைகள், கிழிந்த பாடப்புத்தகங்கள், பழைய மாணவர்கள் தங்கள் பாடசாலைக்குக் கொடுத்த ஓவியங்கள். உவெமுரா ஷோஎன் என்ற பெரிய ஓவியர் இந்தக் கைச்சிப் பாடசாலையில் படித்தவராம். 1948இல் ஜப்பானின் பண்பாட்டு விருதைப் பெற்ற முதல் பெண் அவர். ஒரு வாங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது ஒரு பிள்ளை கவராயத்தால் பெயர் கீறியிருக்குமோ என்று தேடினேன். அங்கேதான் அந்த ஆசிரியை எனக்கு இந்தக் கதையைச் சொன்னார். பிறகு அறைக்கு வந்து தேடி வாசித்தேன். என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கதைதான்.

கியோட்டோ தப்பிய ஊர் என்று நினைத்தேன் அல்லவா? தப்பவில்லை. 1864இல் அரண்மனை வாசலில் இரு தரப்புப் படைகள் மோதின. அந்தச் சண்டையில் பிடித்த தீ ஊருக்குள் பரவி, 27,000க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்து போயின. சண்டை பிடித்தவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. எரிந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. இது எங்களுக்குப் பழகிய கதை. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள், 1869இல் மன்னர் டோக்கியோவுக்குப் போய்விட்டார். அவரோடு பிரபுக்கள் போனார்கள், அதிகாரிகள் போனார்கள், அவர்களுக்குச் சாமான் விற்ற வியாபாரிகளும் போனார்கள். ஆயிரம் வருடத் தலைநகரம் ஒரே வருடத்தில் கைவிடப்பட்ட ஊராகிவிட்டது. சனத்தொகையும் விழுந்தது. இனி இது காடுதான் என்று ஆட்கள் பேசிக்கொண்ட காலம் அது.

அந்த வருடம், அதே 1869இல், கியோட்டோ சனம் என்ன செய்தது தெரியுமா? ஒரு வருடத்துக்குள் 64 ஆரம்பப் பாடசாலைகளைத் திறந்தது.

நாடு முழுவதற்குமான கல்விச் சட்டத்தை ஜப்பானிய அரசாங்கம் கொண்டுவந்தது 1872இல். அதற்கு மூன்று வருடம் முந்தியே இந்த 64ம் நடந்துகொண்டிருந்தன. ஜப்பானின் பெரிய கல்விச் சிந்தனையாளர் புக்குசாவா யுகிச்சி 1872இல் கியோட்டோவுக்கு வந்து இந்தப் பாடசாலைகளைப் பார்த்து, மெச்சி எழுதிவைத்திருக்கிறார்.

காசு எங்கிருந்து வந்தது? மாகாண நிர்வாகமும் உதவியிருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. பணக்கார வியாபாரிகள் காணியும் பணமும் கொடுத்தார்கள். ஆனால் பாடசாலையை நாளாந்தம் நடத்தியது இன்னொரு காசு. அதன் பெயர் கமாதோ-கின். கமாதோ என்றால் அடுப்பு. கின் என்றால் காசு. அடுப்புக் காசு.

அதாவது, ஊரைக் குறிச்சி குறிச்சியாகப் பிரித்து, குறிச்சிக்கு ஒரு பாடசாலை. அந்தக் குறிச்சியில் அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீடும் பாடசாலைக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட கிழவர்கள், இன்னும் கல்யாணம் முடிக்காதவர்கள், எல்லோரும் கொடுக்க வேண்டும். அடுப்பு எரிகிறதா? அப்படியென்றால் நீ இந்தத் தெருவின் ஆள். இந்தத் தெருவின் பாடசாலை உன்னுடையது.

அதனால் அந்தப் பாடசாலை வெறும் வகுப்பறையாக இருக்கவில்லை. தெருச்சனம் கூட்டம் கூடியதும் அங்கேதான். தீ பிடிக்கிறதா என்று ஏறிப் பார்க்கும் கோபுரமும் அதன் கூரையில்தான். நேரம் சொல்லும் முரசு அடித்ததும், பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்தியதும் அங்கேதான். ஐந்து வருடத்துக்கு முன் ஊரையே தீ தின்ற சனம், தீயைக் காவல் காக்கும் கோபுரத்தைப் பாடசாலையின் தலையில் வைத்தது. இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம் வந்தன. 1885இல் பிவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். பொறுப்பாக நின்ற பொறியியலாளர் தனாபே சாகுரோ, படிப்பை முடித்து இரண்டே வருடமான இளைஞர். 1890இல் தண்ணீர் ஊருக்கு வந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து 1891இல் மின்சாரம். அந்த மின்சாரத்தில் 1895இல் ஜப்பானின் முதல் மின்சார ட்ராம் சேவை கியோட்டோத் தெருவில் ஓடியது. வரிசையைப் பாருங்கள். முதலில் பாடசாலை, பிறகு தண்ணீர், பிறகு வெளிச்சம், பிறகு வண்டி. எரிந்து, கைவிடப்பட்ட ஒரு ஊர் எழும்பிய ஒழுங்கு அது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் வாய்பிளந்து நின்றேன் என்று நினைத்தால் தவறு. எனக்கு வந்தது வேறு ஒன்று. "இது எனக்குத் தெரியுமே" என்ற உணர்வு. பிடியரிசி!

எங்கள் உம்மாமாருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவார்கள். கிழமைக்கு ஒருமுறை பள்ளியிலிருந்தோ மதரஸாவிலிருந்தோ ஆள் வந்து வாங்கிப்போகும். யாழ்ப்பாணத்தில் சைவப் பாடசாலைகளுக்கும் இப்படிப் பிடியரிசி சேர்த்த வரலாறு உண்டு. அந்த ஒரு பிடி குறைந்ததால் யாரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் அந்த ஒரு பிடி போட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் மதரஸாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. "எங்கட அரிசியைத் திண்டுபோட்டு லெப்பை ஏன் நேத்து ஓதிக்குடுக்கல்ல?" என்று உம்மம்மா சத்தம் போட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அதைக் கேட்டது எங்கே? ஊரிலே அல்ல. அகதி முகாமில். இதுதான் எனக்குக் கியோட்டோவில் உறைத்தது. 1990இல் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கிய எங்கள் சனத்திடம் என்ன இருந்தது? உடுத்த உடுப்பும் பிள்ளைகளும்தான். உம்மா கொண்டுவந்த பையில் இரண்டு சாரனும், பிறப்புச் சான்றிதழ்களும், மூத்த நானாவின் தேர்ச்சி அறிக்கையும் இருந்தன. நகையை வைத்துவிட்டு வந்தவர், முதலாம் வகுப்புப் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையை எடுத்து வந்திருக்கிறார். அந்த முகாமில் நிவாரண அரிசியில் பிடி எடுத்தார்கள். கிடுகு வேய்ந்து, சுவர் இல்லாத ஒரு கொட்டில் போட்டார்கள். காலையில் குர்ஆன், பிறகு படிப்பு. உள்ளூர்ப் பிள்ளைகளின் பாடசாலை விட்ட பிறகு, அதே கட்டடத்தில் பின்னேர வகுப்பு. படிப்பித்தவர்களும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்த ஆசிரியர்கள்தான். அந்தப் பின்னேர வகுப்பிலிருந்து வந்தவள்தான் நான். கல்வியியற் கல்லூரிக்குப் போய், ஆசிரியையாகி, முதல் நியமனத்துக்கு முல்லைத்தீவு மாவட்டம் என்று கடிதம் வந்தபோது உம்மா அழுதார். பயத்திலா சந்தோஷத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்றுமே இல்லாத காலத்தில் நாங்கள் கியோட்டோ சனத்தைப் போலத்தான் செய்தோம், அவர்களைப் பற்றித் தெரியாமலே. இப்போது எங்களுக்கு வீடு இருக்கிறது. கல்வீடு. கரண்ட் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியைத் திரும்பக் கட்டியிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் பேச்சில் பள்ளி என்றால் மஸ்ஜித், பள்ளிக்கூடம் என்றால் பாடசாலை. பள்ளிக்கு ஒரு ஓடு உடைந்தால் அன்றைக்கே காசு சேர்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓடு உடைந்தால்? "வலயத்துக்குக் கடிதம் எழுதினீங்களா டீச்சர்?"

ஏன் இப்படி ஆனோம்? 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இரண்டும் இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒரு அகதிப் பிள்ளை ஆசிரியை ஆகியிருக்க முடியாது. அதற்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ஆனால் போகப்போக ஒரு பழக்கம் வந்துவிட்டது. பாடசாலை அரசாங்கத்தின் சொத்து, அதிபரின் தலையிடி, படிக்கிற பிள்ளையின் தாய் தகப்பனுடைய அலுவல். பிள்ளை சாதாரண தரம் எழுதி முடித்ததும் அந்த வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. ஊரில் நூறு வீடு இருந்தால், பாடசாலைக்கு உள்ளது முப்பது வீடுதான்.

அடுப்புக் காசு சொல்வது இதற்கு நேர் எதிரான ஒன்றை. பாடசாலை பிள்ளை உள்ளவர்களுடையது அல்ல. அது தெருவினுடையது.

இதற்கு வரப்போகும் மறுமொழிகள் எனக்குத் தெரியும். நானே எனக்குள் கேட்டவைதான்.

"அரசாங்கம் செய்ய வேண்டியதை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்? செய்யத் தொடங்கினால் அவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்." நியாயமான பயம். ஆனால் என் அனுபவத்தில், ஊர் கைவிட்ட பாடசாலையைத்தான் மேலே உள்ளவர்களும் லேசாகக் கைவிடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடுவோம், பக்கத்துப் பாடசாலையோடு இணைப்போம் என்ற பேச்சு அடிக்கடி எழும்புகிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால் "எங்கள் பாடசாலை" என்று சொல்லி எழும்பி நிற்க எத்தனை வீடு இருக்கும்? ஒரு பிடி அரிசி போட்டவள்தான் லெப்பையைக் கேள்வி கேட்டாள். காசு கொடுப்பது கேள்வி கேட்பதை விடுவதற்கு அல்ல, கேட்கும் உரிமையை எடுப்பதற்கு.

"ஏற்கனவே அதற்குக் காசு, இதற்குக் காசு என்று கேட்கிறார்கள். ஏழைத் தாய் எங்கே போவாள்?" சரியான கேள்வி. ஒரு ஆசிரியையாக எனக்கு அதில் வெட்கமும் உண்டு. ஆனால் அந்தக் காசு பிள்ளையின் பெயரில் கேட்கிற காசு. கொடுக்க முடியாத தாயின் பிள்ளை வகுப்பில் தலைகுனிகிறது. அடுப்புக் காசு பிள்ளையிடம் கேட்பதில்லை, ஊரிடம் கேட்கிறது. முப்பது வீடு சுமக்கும் பாரத்தை நூறு வீடு சுமந்தால், அந்த ஏழைத் தாயின் பங்கு ஒரு பிடி அரிசியாகிவிடும். முடியாதவளுக்கு அதுவும் வேண்டாம்.

"ஜப்பானில் நடந்தது ஜப்பானில்தான் நடக்கும்." இல்லை. ஜப்பானும் தேவதைகளின் நாடு அல்ல. அதே பாடசாலைகளில் பின்னாளில் மன்னருக்காகச் சாவதே பெருமை என்றும் படிப்பித்தார்கள். அந்தப் படிப்பு அவர்களையும் அயல்நாட்டுச் சனத்தையும் எந்த அழிவில் கொண்டுபோய் விட்டது என்பது உலகத்துக்குத் தெரியும். வன்னியில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கட்டடம் கட்டினால் மட்டும் போதாது, உள்ளே என்ன படிப்பிக்கிறோம் என்று கேட்கவும் ஊர் வேண்டும். இன்று அந்தப் பாடசாலைகளில் சில ஹோட்டலாகிவிட்டன என்பதையும் நான் கண்ணால் கண்டேன். ஆனால் மூடியபோதும் பலவற்றை இடிக்கவில்லை. ஒன்று நூதனசாலை, ஒன்று கலை நிலையம், ஒன்று சித்திரக்கதை நூதனசாலை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் பாட்டன்மார் கொடுத்த காசுக்குப் பேரப்பிள்ளைகள் காட்டும் மரியாதை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டும் சொல்லும் கதை அல்ல. முள்ளியவளையிலும் ஊற்றங்கரையிலும் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சகோதரங்கள் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், எதையெல்லாம் இழந்து திரும்பினார்கள் என்பது தெரியும். எங்கள் இழப்பும் அவர்கள் இழப்பும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். இழப்பைத் தராசில் வைப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் கியோட்டோவின் கணக்கில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: இந்தக் குறிச்சியில் உன் அடுப்பு எரிகிறதா? எந்த வீட்டு அடுப்பு, என்ன கறி என்று கேட்கவில்லை. ஒரு நாள் எங்கள் சந்தியிலும் அப்படி ஒரு கணக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அது நாளைக்கே வராது. ஆனால் ஆசையைச் சொல்லிவைப்பதில் தவறில்லை.

இனி எனக்குக் கஷ்டமான பகுதி.

என் மகளுக்கு அடுத்த வருடம் தரம் ஒன்று. ஜப்பானுக்குப் போகும்போது அவளுக்காக நிரப்பிய விண்ணப்பம் ஒன்று என் அலுமாரிக்குள் இருந்தது. அது எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு அல்ல. புத்தளத்தில் ஒரு பெரிய பாடசாலைக்கு. அவளை உம்மாவிடம் விட்டுவிட்டு, கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது என்று நானும் என் கணவரும் முடிவெடுத்திருந்தோம். ஊரவர் பிள்ளைகளுக்கு இங்கே படிப்பிப்பேன், என் பிள்ளை அங்கே படிக்கும். இது நான் மட்டும் செய்வது அல்ல. இங்கே வீடு, அங்கே பிள்ளைகள் என்று பஸ்ஸில் வாழ்கிற குடும்பங்கள் எத்தனை! ஏன் முழுதாக வரவில்லை என்று கேட்டால், "பிள்ளைகளின் படிப்பு" என்கிறார்கள். ஏன் இங்கே படிப்பு சரியில்லை என்று கேட்டால், "பிள்ளைகள் இல்லையே" என்கிறார்கள். இந்த வட்டத்தில் நானும் ஒரு கண்ணி. ஆசிரியையாக இருந்துகொண்டு கண்ணியாக இருந்தேன்.

மன்னர் போன பிறகு கியோட்டோவில் மிஞ்சியவர்களும் அப்படி நினைத்திருக்கலாம். "பிள்ளையை டோக்கியோவுக்கு அனுப்புவோம்" என்று. எத்தனை பேர் அனுப்பினார்களோ தெரியாது. ஆனால் இருந்தவர்கள் அடுப்பை எண்ணினார்கள்.

திரும்பி வந்து மூன்றாம் நாள், அந்த விண்ணப்பத்தை எடுத்துக் கிழித்தேன். வீரம் ஒன்றும் இல்லை, கை நடுங்கியது. கணவர், "நல்லா யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். உம்மா போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நானும் ஊருக்கு வாறன். புள்ளையை ஆர் பாக்கிற?" என்றார். முப்பத்தைந்து வருடமாக உம்மாவை ஊருக்குக் கொண்டுவர முடியாத எங்களுக்கு, ஒரு தரம் ஒன்று விண்ணப்பம் அதைச் செய்துவிட்டது.

என் மகளுக்கு நான் செய்தது சரியா பிழையா என்று அவள்தான் ஒரு நாள் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவள் படிக்கும் இடத்தைச் சரியாக வைத்திருப்பது என் பொறுப்பு. தனியாக என்னால் முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊரவர்களிடமும், ஊரை விட்டு வெளியே இருக்கும் ஊரவர்களிடமும் நான் கேட்பது பெரிதல்ல. உங்கள் அடுப்பு தண்ணீரூற்றில் எரிந்தாலும், புத்தளத்தில் எரிந்தாலும், லண்டனில் எரிந்தாலும், மாதம் ஒரு பிடி. அரிசியாகவோ, அதன் பெறுமதியாகவோ. கணக்குப் புத்தகம் பள்ளி வாசலில் எல்லோருக்கும் தெரியத் தொங்க வேண்டும். கியோட்டோ சனம் சேர்ந்த காசை வட்டிக்கு விட்டும் பாடசாலையை நடத்தியிருக்கிறார்கள். நமக்கு வட்டி வேண்டாம், வக்ஃபு இருக்கிறது. பத்துத் தென்னங்கன்று பாடசாலையின் பெயரில் வைத்தாலும் அது முதல்தான். பின்னேரப் படிப்புக்கு ஒரு லைட், தூரத்திலிருந்து வரும் தொண்டர் ஆசிரியைக்குப் பஸ் காசு, மழைக்கு ஒழுகாத ஒரு கூரை. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

காசு இல்லாதவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன். எங்கள் பழைய பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் இடப்பெயர்வோடும் போரோடும் போய்விட்டன. யார் படித்தார்கள், யார் படிப்பித்தார்கள், எந்த வருடம் கிணறு வெட்டினார்கள் என்று இப்போது எழுத்தில் இல்லை. ஆனால் உங்கள் பெட்டிக்குள் இருக்கும். ஒரு தேர்ச்சி அறிக்கை, ஒரு விடுகைப் பத்திரம், ஒரு குழுப் படம். அதைப் படம் பிடித்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்களை, தெரிந்த மட்டில், வயதானவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

நானாவின் முதலாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையை நான் ஏற்கனவே எடுத்துவைத்துவிட்டேன். கணிதத்துக்கு 38. அவர் இப்போது கணக்காளர். இந்தப் பதிவைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போன் எடுப்பார். எடுக்கட்டும். முதல் பிடி அரிசியை அவரிடம்தான் கேட்கப் போகிறேன்.